தலைமாடு கால்மாடு

மேலூரில் அந்தக் கல்யாண மண்டபத்தை விட்டு நான் வெளியே நடந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர்கள் காதுக்கும் விஷயம் போயிருந்தது. சற்று முன்புதான் என் முதலாளி, கூடியிருந்த இரண்டு வீட்டுச் சனத்துக்கும் முன்னால் என்னை வேலையை விட்டுத் துரத்தியிருந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால், சமையல்கட்டுக்குப் பின்பக்கம் கூட்டிப்போய், துரத்துவதற்கு என்னிடம் அனுமதியும் வாங்கியிருந்தார்.

பல இடங்களிலிருந்து என்னைத் துரத்தியிருக்கிறார்கள். இதே மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரி, உசிலம்பட்டி ரோட்டில் ஒரு பரோட்டாக் கடை, மதுரையில் ஒரு வெங்காய மண்டி. எங்கேயும் என்னைக் கேட்டுவிட்டுத் துரத்தியதில்லை. அந்த வகையில் இவர் மரியாதை தெரிந்தவர். அதனால் கோபம் வரவில்லை. துணிமணி இருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.

அன்று சாயங்காலம் அந்த மண்டபத்தில் முடிவாக வேண்டியிருந்தது என் வேலை இல்லை. மறுநாள் காலையில் கல்யாணப் பெண்ணைக் கைப்பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போவது அவளுடைய தாய்மாமனான என் முதலாளியா, வேறொருவரா என்பதுதான். அந்தக் கேள்வி ஒரு பையில் வந்து நின்றுவிட்டது.

கப்பலூர் தொழிற்பேட்டைக்கு நான் வேலை தேடி வரவில்லை. தூத்துக்குடி போகிற லாரியில் தொற்றிக்கொண்டு வந்தேன். டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். நான் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் கிளம்பிவிட்டார். திருமங்கலம் பக்கம் நடப்பதா மதுரைப் பக்கம் நடப்பதா என்று நின்றபோது, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை வாசலில் ஒருவர் சாக்கு மூட்டையைத் தராசில் வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தார். மூட்டைக்குள் மஞ்சள் துணித் துண்டுகள். எடையைப் பார்த்துவிட்டு அவர் விட்ட மூச்சைக் கேட்டிருந்தால், சாக்குக்குள் அவருடைய சொந்தக்காரர் யாரோ இருக்கிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

மூட்டையை வண்டியில் ஏற்றக் கை கொடுத்தேன். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். எட்டாவது பாதி என்றேன். எந்தப் பாதி என்று கேட்டார். முதல் பாதி என்றதும் திருப்தியாகத் தலையாட்டி, உள்ளே வரச் சொன்னார். அப்படித்தான் பை தைக்கிற கம்பெனியில் சேர்ந்தேன்.

கம்பெனி என்றால் இரண்டு தையல் மிஷின், அதில் இரண்டு அக்காமார், நீளமான ஒரு வெட்டுமேசை, துணி வெட்டுகிற அண்ணன் ஒருவர். இப்போது நானும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொடுக்கிற தாம்பூலப் பைதான் பெரும்பாலும் தைப்போம். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு வாழைப்பழம் போடுகிற அளவு. அதனால் மேசையில் எப்போதும் அளவுக்கு ஒரு தேங்காய் இருக்கும். அது காய்ந்துபோகும் கட்டத்தில் சட்னி ஆகிவிடும். அடுத்த நாள் புதுத் தேங்காய் பதவிக்கு வரும்.

முதலாளி அதற்கு முன்பு பிளாஸ்டிக் கேரி பேக் போட்டவர். பனியன் மாதிரி மேலே பிடிக்க இரண்டு காது வைத்து, கையை விட்டால் காற்றில் பறக்கிற வெள்ளைப் பை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கண்மாய்க் கரை, வேலிக்கருவை முள், மாட்டு வயிறு என்று அவருடைய சரக்கு போகாத இடமில்லை. தடை வந்தது. மிஷினைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார். துணிக்கு மாறினார். ஊரார் அவர் திருந்திவிட்டதாக நினைத்தார்கள். அவர் நினைத்தது வேறு.

“பிளாஸ்டிக்ல வேஸ்ட்டே கிடையாது தம்பி. ரெண்டு காதுக்கும் நடுவுல வெட்டி எடுக்கிற துண்டை உருக்கித் திரும்பவும் மிஷின்ல ஊத்திருவோம். துணிய உருக்க முடியுமா?”

இதை அவர் சொல்லும்போது துண்டுச் சாக்கைத் தடவிக்கொடுப்பார். பையின் வாயை உண்டாக்க, இரண்டு காதுக்கும் இடையில் ஒரு முழுத் துண்டு துணி விழும். ஒவ்வொரு பைக்கும் ஒரு துண்டு. சாயங்காலம் ஆனால் சாக்கு நிறையும். அதை நெடுஞ்சாலையில் இருக்கும் லாரி மெக்கானிக்குகள் கிரீஸ் துடைக்க வாங்கிப்போவார்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் பை கல்யாண வீட்டிலிருந்து தேங்காயைச் சுமந்து வீடு வரைக்கும் போய், அத்தோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிவிடும். நாங்கள் கழிவு என்று ஒதுக்கிய துண்டுதான் மெக்கானிக் பட்டறையில் மாதக்கணக்கில் வேலை பார்க்கும். இதை ஒருமுறை முதலாளியிடம் சொன்னேன். அன்று அவர் என்னோடு டீ குடிக்கவில்லை.

கழிவைக் குறைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் காதைக் குட்டையாக்கினார். விழுகிற துண்டும் சின்னதானது. ஆனால் காதுக்குள் கை நுழையவில்லை; விரல்தான் நுழைந்தது. ஒரு இனிப்புக் கடைக்காரர் பையைத் திருப்பிக் கொண்டுவந்து, இதை எந்தக் கையால் பிடிப்பது, நீங்களே பிடித்துக் காட்டுங்கள் என்றார். அடுத்து வாயைக் குறுக்கினார். தேங்காய் உள்ளே போகவில்லை. முதலாளி பையை விட்டுவிட்டுச் சின்னத் தேங்காய் கிடைக்கிற ஊரை விசாரிக்க ஆரம்பித்தார். நல்லவேளையாக அப்படி ஒரு ஊர் பக்கத்தில் இல்லை.

விடை அவருக்குக் கிடைத்தது எங்கள் தூக்கத்திலிருந்து. வெட்டுகிற அண்ணனும் நானும் கொட்டகையிலேயே படுப்போம். தரையில் பெருச்சாளி. அதனால் வெட்டுமேசை மேல் ஏறிப் படுப்பது. மேசை நீளம்தான், அகலம் போதாது. இரண்டு பேரும் ஒரே பக்கம் தலை வைத்தால் தோளும் தோளும் இடிக்கும். அவர் தலைமாட்டில் என் கால், என் தலைமாட்டில் அவர் கால் என்று மாற்றிப் படுத்தால் ஒருவர் தோள் மற்றவர் கால் பக்கத்து இடைவெளியில் பொருந்திவிடும். வாசனையைப் பொறுத்துக்கொண்டால் நல்ல தூக்கம்.

ஒரு நாள் காலை முதலாளி சீக்கிரம் வந்துவிட்டார். கண் விழித்தபோது எங்கள் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கப் போனேன்.

“அசையாத. அப்படியே படு.”

சாக்பீஸை எடுத்து மேசை மேல் எங்களைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார். அண்ணன் பயந்துவிட்டார். கோடு போட்டு முடித்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டினார். விஷயம் இதுதான்: பைகளை எல்லாம் ஒரே திசையில் நிற்க வைத்து வெட்டாமல், ஒரு வரிசை நேராக, அடுத்த வரிசை தலைகீழாக, வாயோடு வாய் பார்த்தபடி வைத்து வெட்டுவது. இந்த வரிசையில் அடுத்தடுத்த இரண்டு பைகளின் காதுகள் சேர்ந்து எதிர் வரிசைப் பையின் வாய்க்குள் சரியாக உட்காரும். ஒரு பையின் வாயாக இருக்கிற வெற்றிடம்தான் எதிர்ப் பைகளின் காது. நடுவில் விழுவதற்குத் துண்டே இல்லை.

அன்று சாயங்காலம் சாக்கு காலியாக இருந்தது. முதலாளி அதை உதறி, மடித்து, தலைக்கு வைத்துக்கொண்டு மறுநாள் மத்தியானத் தூக்கம் போட்ட கோலத்தை மறக்க முடியாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விரல்களைக் கோத்துக் காட்டினார். தபால்காரருக்குக்கூடக் காட்டினார். வெட்டுகிற அண்ணன், வாங்குகிற சம்பளத்துக்கு நாம் தூங்குவதும் வேலையில் சேர்த்தி ஆகிவிட்டது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மேலூரிலிருந்து முதலாளியின் தங்கச்சி போன் பண்ணினாள். அண்ணனும் தங்கச்சியும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. காரணத்தைத் தையல் அக்காமார் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். தங்கச்சி மகளுக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் சீர் இவர் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் பித்தளைத் தாம்பாளங்களை வாடகைக்கு எடுத்து, அதில் பட்டும் பழமும் வளையலும் பரப்பி, மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். திருப்பிக் கொடுக்கப்போகிற தட்டுக்கு எதற்கு வாடகை என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. பட்டு, பழம், வளையல் எல்லாவற்றையும் தன் கம்பெனி வெள்ளைக் கேரி பேக்கில் போட்டு, கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் இறங்கியிருக்கிறார். வாசலில் நின்ற, தங்கச்சி வீட்டுக்காரரின் சொந்தக்காரர் ஒருவர், தாய்மாமன் சந்தைக்குப் போய்விட்டு இப்போதுதான் வருகிறார் போல என்றாராம். பட்டு நல்ல பட்டுதான். அதை யாரும் பார்க்கவில்லை. தங்கச்சி புகுந்த வீட்டில் அந்தப் பேச்சு அத்தனை வருஷமும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். பேச்சு வராத நேரத்தில் கைக்கு ஏதாவது வேண்டுமென்றோ என்னவோ, தேங்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தங்கச்சி சுற்றி வளைக்கவில்லை. தாம்பூலப் பை உன் பொறுப்பு என்றாள். பெண்ணை மேடைக்குக் கூட்டி வருவது நீதான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் திருமங்கலத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் நம் பெரியப்பா மகனைச் சொல்கிறார், பெரியப்பா மகனா நீயா என்பதை முடிவு பண்ணப்போவது இந்தப் பைதான் என்றாள்.

“மானத்த வாங்கிராதண்ணே,” என்று கடைசியாகச் சொன்னாள்.

அவர் தேங்காயைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பையில் என்ன அச்சடிப்பது என்பதில் சிக்கலில்லை. மேலே பிள்ளையார், கீழே பெண் மாப்பிள்ளை பெயர், அதற்குக் கீழே நன்றி. அச்சு எங்களிடம் கிடையாது. மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு மாடியில் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிற பெரியவர் இருந்தார். துணியை முழுசாக அவரிடம் கொடுத்து, அச்சு போட்டு வாங்கிவந்து, பிறகு வெட்டித் தைப்பது வழக்கம். புது முறையில் ஒரு வரிசைப் பை தலைகீழாக வெட்டப்படும் என்பதால், அச்சும் ஒரு வரிசை நேராக, அடுத்த வரிசை தலைகீழாக விழ வேண்டும். முதலாளி மறக்கவில்லை. ஒரு துண்டுத் துணியில் சாக்பீஸால் வரைந்து, அம்புக்குறி போட்டு, என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

அச்சுக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். வேலைக்கு நடுவில் சாமி படத்துக்கு ஊதுபத்தி மாற்றுவார். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒரு வரிசை பிள்ளையாரு தலைகீழா நிக்கிறாரே?”

அப்படித்தான் வர வேண்டும், வெட்டினால் நேராகிவிடும் என்றேன். விரல்களைக் கோத்தும் காட்டினேன். அவர் என் விரல்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, “சரி, நான் பாத்துக்கிறேன்,” என்றார்.

மதுரைக்காரர் பாத்துக்கிறேன் என்றால் அதற்குப் பல அர்த்தம் உண்டு என்பது தெரிந்தும் நான் படியிறங்கிவிட்டேன். நின்று மேற்பார்வை பார்க்க அவர் விடமாட்டார்.

அச்சு போட்ட துணி வந்து சேர்ந்தது. முதலாளியே அடுக்கி, அச்சில்லாத உள்பக்கம் மேலே வர விரித்து, அங்கேதான் சாக்பீஸ் கோடு போட்டார். அண்ணன் வெட்டினார். அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி வைத்து அக்காமார் தைத்தார்கள். எந்தப் பையையும் அப்படித்தான் தைப்பது, கடைசியில்தான் வெளியே புரட்டுவது. நேரமில்லை, புரட்டுவதை மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கட்டுக் கட்டாகக் கட்டி, வேனில் ஏற்றி, முதலாளியும் நானும் மேலூர் போனோம். வேனில் அவர் புது வேட்டியைத் தனியாக ஒரு பையில் வைத்திருந்தார். அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று காலுக்கடியில் தள்ளினார். காலையில் பெண்ணைக் கூட்டிப்போகும்போது கட்ட வேண்டிய வேட்டி.

மண்டபத்தில் பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தேங்காய்க் குவியலைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். நான் பையைப் புரட்டிக் கொடுக்கக் கொடுக்க, அவர்கள் நிரப்பினார்கள். முதல் கட்டு முழுக்கப் பிள்ளையார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கச்சி வந்து ஒரு பையை எடுத்துப் பார்த்தாள். அண்ணனுக்குக் காபி கொண்டுவரச் சொன்னாள். தங்கச்சி வீட்டுக்காரரும் வந்தார். முதலாளி விரல்களைக் கோத்து அவருக்கு விளக்க ஆரம்பித்தார். ஒரு துண்டுகூட வீணாகவில்லை மாப்ள என்றார். மாப்ள தலையாட்டினார். பெரியப்பா மகன், இரும்புக்கடைக்காரர், கொஞ்சம் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் அவருக்கு அதைத் தவிர இனி வேலை இல்லை என்பதுபோல் இருந்தது.

இரண்டாவது கட்டைப் பிரித்தேன். புரட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி தேங்காயைப் போட்டுக் காதைப் பிடித்துத் தூக்கினாள். பார்த்தாள். தேங்காயை வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுத்த பையை வாங்கினாள். அதையும் தூக்கிப் பார்த்தாள். பிறகு தன் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஏத்தா, பிள்ளையாரு எதுக்கு இப்படி சிரசாசனம் பண்றாரு?”

வட்டத்தில் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அது இன்னும் மோசம். நான் மீதிக் கட்டுகளையும் பிரித்துப் புரட்டிப் பார்த்தேன். மொத்தத்தில் சரி பாதிப் பைகளில் சாமி தலைகீழ். பெண் மாப்பிள்ளை பெயரும் தலைகீழ். நன்றிதான் எல்லாவற்றுக்கும் மேலே.

முதலாளி அச்சுக்காரருக்குப் போன் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அச்சுக்காரர் குரலில் துளி பதற்றமில்லை. நீங்கள் படத்தைத் தப்பாக வரைந்து அனுப்பியிருந்தீர்கள், நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன் என்றார். இத்தனை வருஷம் என் மேசையில் சாமியை நேராகத்தான் போட்டிருக்கிறேன், உங்கள் பைக்காக அவரைத் தலைகீழாக நிறுத்த மாட்டேன் என்றார். அவர் மேசையில் பிள்ளையாரை நேராக வைக்கப் பிடிவாதம் பிடித்ததால்தான் ஊரார் கையில் பிள்ளையார் கவிழ்ந்தார். அச்சுச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று போட்டிருந்தால், அவருக்கும் நேராகத் தெரிந்திருக்கும், பைக்கும் சரியாக விழுந்திருக்கும். மேசையைச் சுற்றி நாலு எட்டு நடக்க அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

தையல் அக்கா ஒருத்தி பிற்பாடு சொன்னாள், தைக்கும்போதே கவனித்தாளாம். முதலாளி ஓயாமல் புது டிசைன் புது டிசைன் என்றதால், இதுதான் அந்தப் புதுசு போலிருக்கிறது என்று பேசாமல் தைத்துவிட்டாளாம்.

தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“சடங்குக்கு சீரப் பையில கொண்டாந்தீங்க மச்சான். இப்ப பையில சாமியவே கவுத்திட்டீங்க. நாளைக்கு எம்மகளக் கூட்டிட்டு வாரேன்னு எந்த வாசல்ல விழுந்து எந்திரிப்பீங்களோ.”

இரும்புக்கடைக்காரர் போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

அந்தப் பாதியைப் புரட்டாமல், தையல் வெளியே தெரிய அப்படியே கொடுத்துவிடலாமா என்று தங்கச்சி கேட்டுப் பார்த்தாள். பேரை உள்ளே மறைத்து வைத்துக் கொடுக்க நாங்கள் என்ன திருட்டுக் கல்யாணமா பண்ணுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வந்தது. அவள் திரும்பி அண்ணனைத்தான் பார்த்தாள். சந்தைக்குப் போய்விட்டு வந்தவரை அன்றைக்கும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

அப்போதுதான் முதலாளி என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார். அச்சுக்காரர் கதையை யாரிடம் சொன்னாலும் எடுபடாது, சாமியை நேராகப் போட்டவரை எப்படிக் குற்றம் சொல்வது என்றார். உண்மைதான். யாராவது கண் முன்னால் நிற்கிற ஆள் வேண்டும்.

“தம்பி, உன்னத்தான் வையப் போறேன்.”

“வைங்கண்ணே.”

“வேலைய விட்டுப் போன்னு சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“மனசுல வச்சுக்காத. ரெண்டு நா கழிச்சு வந்துரு.”

சரி என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு முறை தொண்டையைச் செருமினார். பிறகு முன்னால் போய் வைய ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்தவரை, முதலில் நாங்கள் பேசிக்கொண்டபடிதான் வைதார். படத்தைத் தலைகீழாகப் பிடித்து அச்சுக்காரரிடம் காட்டியது நான்தான் என்றார். எட்டாவதுகூட முழுசாகப் படிக்காத தற்குறியை நம்பியது தன் தப்பு என்றார். பிறகு வேகம் கூடிவிட்டது. நான் கணக்கில்லாமல் பரோட்டா தின்பது, வெட்டுமேசையில் எண்ணெய்த் தலையோடு படுப்பது, மெக்கானிக் துண்டைப் பற்றி எப்போதோ சொன்னது எல்லாம் வந்தது. இதெல்லாம் ஒப்பந்தத்தில் இல்லை. இனி என் முகத்தில் முழிக்காதே என்று அவர் முடித்தபோது, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னது நிஜமா, இது நிஜமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு அம்மாதான், போதும் விடுங்க, பாவம் அந்தாளு என்றாள். தங்கச்சி வீட்டுக்காரர் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். நல்ல அடையாளம் என்று நினைத்தேன். ஆனால் அவர் முடிவு எதுவும் சொல்வதற்குள் நான் போயாக வேண்டும். துரத்தப்பட்டவன் நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

இதையெல்லாம் நினைத்தபடிதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தேன். கப்பலூருக்குப் போனால் வெட்டுகிற அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். வடக்கே திருச்சிப் பக்கம் போகலாம் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு அது ஒரு காரணமே இல்லை. தெரியாத ஊருக்குத்தான் அதிகம் போயிருக்கிறேன். ஆனால் அன்று கால் நகரவில்லை. அந்தப் புது வேட்டி கட்டப்பட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் போக மனசு வரவில்லை. பெஞ்சு காலியாக இருந்தது. தனியாகப் படுத்ததால் கையும் காலும் வேண்டிய மட்டும் நீண்டன. படுத்துவிட்டேன்.

விடிந்ததும் டீக்கடையில் ஒருவர், இலை எடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். முகூர்த்த நாள். ஊரில் மண்டபத்துக்கு மண்டபம் ஆள் தட்டுப்பாடு. மூன்று வேளைச் சாப்பாடு உண்டா என்று கேட்டேன். இரண்டு வேளை என்றார். வண்டியில் ஏறினேன். அது போய் நின்றது நான் துரத்தப்பட்ட மண்டபத்தில்தான். பின்வாசல் வழியாக இறக்கி, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் இடுப்பில் கட்ட ஒரு துண்டும் கொடுத்தார்கள்.

போகிற வழியில் சாமான் அறையைப் பார்த்தேன். பாதிப் பைகள் மஞ்சளாக, நிமிர்ந்த பிள்ளையாரோடு இருந்தன. மீதித் தேங்காய்களெல்லாம் வெள்ளைக் கேரி பேக்கில் இருந்தன. தடை இருந்தாலும் கடைக்குப் பின்னால் கேட்டால் கிடைக்கிற சரக்கு. கவிழ்ந்த பிள்ளையார் பைகள் ஒரு கோணிச் சாக்கில் கட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றை யாருக்கும் கொடுக்கவும் முடியாது, சாமி படம் போட்டது என்பதால் குப்பையில் போடவும் முடியாது, கரித்துணியாக்கவும் முடியாது. தங்கச்சி வீட்டுப் பரணில் அவை காலாகாலத்துக்கும் இருக்கும். குப்பைக்கே போகாத பையை முதலாளி கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

காலைப் பந்தியில் முதல் வரிசை எழுந்து, நான் இலைகளை மடித்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது பட்டுப்புடவைக் கரை ஒன்று எதிரில் வந்து நின்றது. நிமிர்ந்தேன். தங்கச்சி. சாம்பார் போதுமா என்று பார்க்க வந்தவள் போலிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

“நேத்து எங்கண்ணன்கிட்ட வசவு வாங்கினது நீதானே?”

ஆமாம் என்றேன்.

“உண்மையச் சொல்லு. அந்தப் படத்த மாத்திக் காட்டினது நீயா?”

முன்னால் நாயனம் ஆரம்பித்திருந்தது. பெண்ணை அழைக்கிற நேரம் என்பது எனக்கும் தெரியும். நான் இல்லை என்று சொன்னால் வேட்டி பையிலேயே இருந்துவிடும். ஆமாம் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. வசவை வாங்கிக்கொள்ளத்தான் ஒத்துக்கொண்டேன், தப்பை இல்லை.

“நான் இன்னைக்கு இலை எடுக்க வந்த ஆளும்மா,” என்றேன்.

அவள் என்னையும் தொட்டியையும் பார்த்தாள். அண்ணனைப் போலவே ஒரு மூச்சு விட்டாள்.

“எங்கண்ணனுக்கு சின்னதுலருந்தே ஒரு பழக்கம். அடுத்தவன் தப்புப் பண்ணினா பேசாம இருப்பான். தான் பண்ணினாத்தான் பக்கத்துல நிக்கிறவனக் கெடந்து வைவான். நேத்து இம்புட்டுச் சத்தம் போட்டப்பவே எனக்குத் தெரியும்.”

உண்மையில் அது அவர் தப்பும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அச்சுக்காரரின் மேசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கும் நேரமில்லை, எனக்கு அடுத்த வரிசை எழுந்துகொண்டிருந்தது.

“அப்ப யாரு கூட்டிட்டு வாரது?” என்று கேட்டுவிட்டேன். இலை எடுக்கிறவன் கேட்கிற கேள்வி இல்லை.

“எம்மக கையப் பிடிக்கணும்னு ஊரு முன்னாடி அம்புட்டுக் கத்து கத்தினான்ல. வேற யாரு அப்படிக் கத்துவா?” என்றாள். போகும்போது, நல்லா சாப்பிட்டுட்டுப் போ என்றாள்.

பந்திக்கூடத்தின் பக்கவாட்டுக் கதவு மண்டபத்துக்குள் திறக்கும். தொட்டியைக் கொட்டப் போகிற வழியில் அங்கே நின்றேன். மேளம் வேகம் பிடித்தது. இரும்புக்கடைக்காரர் முதல் வரிசை நாற்காலியில் இருந்தார். நடுவில் போட்ட சிவப்புக் கம்பளத்தில் முதலாளி வந்தார். வேட்டியின் மடிப்புகூடக் கலையவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், எங்கே கை வியர்த்து நழுவிவிடுமோ என்று பயப்படுகிறவர் போலிருந்தது. என்னைக் கடக்கும்போது அவர் கண் என் மேல் விழுந்து, அப்படியே தாண்டிப் போனது. சரிதான். நேற்றுத் துரத்திய ஆளை இன்று தெரியும் என்று காட்டிக்கொள்ள முடியாது. எச்சில் இலைத் தொட்டி கல்யாணப் பெண் பார்வையில் படக் கூடாது என்று அதை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

எங்களை இலை எடுக்கக் கூட்டிவந்த மேஸ்திரி பின்னாலிருந்து கூப்பிட்டார். இலை எடுக்காமல் அடுத்த பந்தி எப்படி உட்காரும் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். தொட்டியைக் கொட்டிவிட்டு வந்து, வரிசையின் கடைசி இலையிலிருந்து ஆரம்பித்தேன்.